காலடியில் ஒரு கடல் – 11: மாமி வீட்டுச் சக்கரக்கல்

அறந்தாங்கியில் எங்கள் தெருக்கோடி வீட்டு மாமி தினமும் காலையில் ஒரு கல்லைப் பாலூற்றிக் குளிப்பாட்டுவார். எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக, வழவழவென்று இருக்கும். ஒரு பக்கத்தில் சின்னத் துவாரம். எட்டிப் பார்த்தால் உள்ளே சுருள் சுருளாக வரிகள், போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். ஆறாம் வகுப்புப் பையனான எனக்குக் கை துறுதுறுக்கும்.

"தொடாதேடா. தள்ளி நின்னு பாரு. சக்கரம் தெரியறதா?"

"தெரியுது மாமி. யாரு செதுக்குனது?"

"யாரும் செதுக்கலை. பூச்சி குடைஞ்சது. வஜ்ரகீடம்னு பேரு. கண்டகி நதியிலேர்ந்து என் மாமனார் காலத்துல வந்தது."

மாமி சொன்னதில் பாதி சரி. உள்ளே ஓர் உயிர் இருந்தது உண்மை. ஆனால் அது எதையும் குடையவில்லை. அந்தச் சுருளே அதன் வீடு. அந்த வீட்டின் வழியாகத்தான் இந்த வாரம் நாம் பாறைக்குள் நுழையப் போகிறோம்.

சென்ற அத்தியாயத்தை ராபர்ட் புரூஸ் ஃபூட்டோடு நிறுத்தியிருந்தேன். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட். மதுரை ஜில்லாவின் வடபகுதி, புதுக்கோட்டை சமஸ்தானம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் தென்பகுதி இவற்றின் நிலவியலைப் பற்றி அவர் எழுதியது 1879-இல் வந்தது. அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை மாவட்டம் உண்டான 1974-இல்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். மேற்கே கருங்கல், நம் ஊர்ப் பக்கம் செம்புறாங்கல், தெற்கே சிவகங்கை வட்டாரத்தில் இலைத் தடம் பதிந்த பழைய அடுக்கு என்று நம் சுற்றுப்புறத்தைப் போன வாரம் ஒரு சுற்று சுற்றினோம். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: அந்தச் சிவகங்கை அடுக்கு ஜுராசிக் காலத்ததா, அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள் என்று எழுதினீர்களே, அப்படி என்ன தடுமாற்றம்? கல்லைப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. மணற்பாறை எந்தக் காலத்திலும் மணற்பாறைதான். வைகை இன்று கொண்டுவந்து போடுகிற மணலும் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் ஓர் ஆறு போட்ட மணலும் கெட்டியாகிவிட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காலம் தெரிய வேண்டுமென்றால் வேறொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியைப் புரிந்துகொள்ள ஏதாவதொரு பஸ் நிலையத்துச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சினிமா போஸ்டர் அட்டை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையைப் பிய்த்தால் தாள் தாளாக உரிந்து வரும். எந்தப் படம் எந்தத் தீபாவளிக்கு வந்தது என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆள் ஒவ்வோர் ஊரிலும் ஒருவராவது உண்டு. அவரிடம் காட்டினால் ஒவ்வொரு தாளுக்கும் தேதி சொல்வார். அதே போஸ்டர் பட்டுக்கோட்டைச் சுவரிலும் இருந்தால் அந்தத் தாளும் இந்தத் தாளும் ஒரே வாரத்தில் ஒட்டியவை. ஆனால் அதே சுவரில் மூலம், பவுத்திர வைத்தியர் நோட்டீஸும் இருக்குமே, அது? என் சின்ன வயதிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைக் காட்டினால் அந்த ஆளுக்கே தேதி சொல்ல வராது.

கடலடியில் படிந்த பாறைகளில் சினிமா போஸ்டராக இருப்பவை அம்மோனைட்டுகள். வைத்தியர் நோட்டீஸாக இருப்பவை பெரும்பாலான சிப்பிகளும் நத்தைகளும் செடிகொடிகளும்.

அம்மோனைட் என்பது நத்தையல்ல. நம் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கூடை கூடையாக இறங்குகிற கணவாயின் உறவு. சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, ஓட்டுக் கணவாயின் முதுகுக்குள்ளிருந்து எடுக்கிற வெள்ளை ஓடு, அதைக் குறுக்கே உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும், இடையிலெல்லாம் வெற்றிடம். மிதப்பதற்கான ஏற்பாடு அது. அம்மோனைட்டுக்கும் அதே தந்திரம்தான். ஆனால் ஓடு வெளியே, சுருண்டு இருந்தது. வளர வளர உயிர் முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பி அந்த அறையை அடைத்துவிடும். கடைசி அறையில் மட்டும் குடியிருப்பு. இந்தக் குறுக்குச் சுவர் வெளி ஓட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு விழும். கொத்துமல்லி இலையின் விளிம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓடும் அந்தக் கோடு இனத்துக்கு இனம் வேறு. மேலே ஓடுகிற விலாவரிகளும் முடிச்சுகளும் அப்படியே.

போஸ்டருக்கு வேண்டிய குணமெல்லாம் அதற்கு இருந்தது. வேகமாக உருமாறிக்கொண்டே போயிற்று. ஓர் இனம் நெடுநாள் நிலைக்கவில்லை. கடல் கடந்து பரவியது. செத்த பிறகும் காலி ஓடு மிதந்து தூரதேசம் போயிருக்கும். எக்கச்சக்கமாக இருந்தது. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து பூண்டோடு போயிற்று. கணவாய் மட்டும் நம் குழம்புக்குத் தப்பி வந்து சேர்ந்தது.

ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவம் உண்டு என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பேராசிரியர் யாருமல்ல. இங்கிலாந்தில் நிலக்கரிக் கால்வாய் வெட்டுகிற இடத்தில் அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித். பாத் நகரத்தைச் சுற்றியுள்ள அடுக்குகளின் வரிசையை அவர் 1799-இல் சொல்லி எழுதவைத்தார். அவர் நாள்தோறும் மிதித்தது ஜுராசிக் பாறை. பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவிலுள்ள ஜுரா மலையின் பெயரால் பின்னால் அந்தக் காலத்துக்கே பெயர் வந்தது. சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி, சுமார் 14½ கோடி ஆண்டுக்கு முன் முடிந்த காலம்.

அந்த நீளத்தைக் கூறு போட்டவர் ஆல்பர்ட் ஒப்பல் என்ற ஜெர்மானிய இளைஞர். 1856-க்கும் 1858-க்கும் நடுவே இங்கிலாந்து, பிரான்ஸ், தென்மேற்கு ஜெர்மனி மூன்றிலும் உள்ள ஜுராசிக் பாறைகளை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். இங்கே களிமண், அங்கே சுண்ணாம்பு, இன்னோர் இடத்தில் மணல் என்று பாறை மாறிக்கொண்டே இருந்தது. ஒப்பல் பாறையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எந்த உயிர் எங்கே தலைகாட்டுகிறது, எங்கே காணாமல் போகிறது என்று மட்டும் பார்த்தார். ஜுராசிக்கை 33 மண்டலமாகப் பிரித்தார். பெரும்பாலான மண்டலத்துக்கு ஓர் அம்மோனைட்டின் பெயர். மண் எதுவாக இருந்தாலும் அந்த அம்மோனைட் இருந்தால் அந்தக் காலம்! இன்று வடமேற்கு ஐரோப்பாவில் அந்த 33 எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு மண்டலத்துக்குச் சராசரியாக ஏழெட்டு லட்சம் ஆண்டு. அத்தனை பழைய காலத்துக்கு இது நாள்காட்டியில் தேதி கிழிக்கிற மாதிரி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லை போடும்போது ஓர் இனம் முதலில் தோன்றுகிற இடத்தைத்தான் நம்புவார்கள். மறைகிற இடத்தை அவ்வளவாக நம்புவதில்லை. படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் போஸ்டர் சுவரில் இருக்குமல்லவா? ரிலீஸ் தேதி ஒன்றுதான் கணக்கு.

ஒப்பல் 1865-இல், 34 வயதில் இறந்துபோனார். கடைசி ஆண்டுகளில் மியூனிக்கில் அவர் மேஜைக்கு ஒரு மூட்டை வந்தது. ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் மூவர் 1850-களில் இந்தியாவிலும் இமயத்திலும் அலைந்து சேர்த்தது. அவர்களில் அடோல்ஃப் 1857-இல் காஷ்கரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்த மூட்டையில் ஸ்பித்திப் பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்த கறுப்புக் களிப்பாறை உருண்டைகள். உடைத்தால் உள்ளே அம்மோனைட். ஒப்பல் அவற்றை ஜுராசிக் காலத்தவை என்று வரிசைப்படுத்தி எழுதினார். அதே களிப்பாறை இமயம் நெடுக ஓடி நேபாளத்தில் முக்திநாத்தின் பக்கம் தலைநீட்டுகிறது. கண்டகி அதை அரித்து உருட்டிக்கொண்டு வருகிறது. ஆழ்வார்கள் பாடிய திவ்யதேசம் அந்த முக்திநாத். அங்கிருந்துதான் நம் மாமி வீட்டுக் கல் வந்தது. மாமியின் சம்புடத்தில் இருந்ததும் ஒப்பலின் மேஜையில் இருந்ததும் ஒரே கடலின் பிள்ளைகள்.

சாளக்கிராமம் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை சக்கரம், துவாரம் எந்தப் பக்கம், வரி எப்படி ஓடுகிறது என்றெல்லாம் பார்த்து இது லக்ஷ்மி நரசிம்மர், இது சுதர்சனர் என்று பெயர் சொல்வார்கள். ஒப்பலும் ஏறக்குறைய அதையேதான் செய்தார். சுருள், வாய், வரி. என்ன, அவர் அதற்குப் பால் ஊற்றவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். 1840-களின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியின் சிவில் அதிகாரிகள் கேய், கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் பொறுக்கிய படிவங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். தமிழ்நாட்டு மண்ணில் கிரெட்டேசியஸ் கடல் இருந்தது என்பது உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்டு வந்தார். மாட்டுவண்டியும் சுத்தியலுமாகத் திருச்சி, தென்னார்க்காடு ஜில்லாக்களை அளந்து 1862-இல் அறிக்கை தந்தார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர் என்று மூன்று தொகுதி. அந்தப் பெயர்கள் இன்றும் நிலவியல் புத்தகங்களில் அப்படியே இருக்கின்றன. ஊட்டத்தூர்க் கோவிலுக்குப் பஞ்சநதனக் கல் நடராஜரைச் சேவிக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர்ப்பெயர் உலக நிலவியலில் புழங்குவது தெரியுமோ. பிளான்ஃபோர்டு பிற்பாடு பாறையை விட்டு மேகத்துக்குத் தாவினார். 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். இமயத்தில் பனி கூடினால் பருவமழை குறையும் என்று 1884-இல் சொன்னவரும் அவரே.

அவர் சேர்த்த அம்மோனைட்டுகள் கல்கத்தாவில் காத்துக்கிடந்தன. 1862 கடைசியில் மொராவியாவிலிருந்து ஓர் இருபத்துநாலு வயது இளைஞர் அங்கே வந்து இறங்கினார்: பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இந்தத் தொடரில் வருகிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆள். பன்னிரண்டே ஆண்டு இந்தியாவில் இருந்தார். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றி நான்கு பருத்த தொகுதி வெளிவந்தது. கிட்டத்தட்ட எல்லாம் அவர் கை. நடுவில் ஸ்பித்திக்கு ஏறிப் போய் அந்தக் கறுப்புக் களிப்பாறை உள்ளிட்ட அடுக்குகளை வரிசைப்படுத்தினார். 1871-72-இல் கட்ச் பாலைவனத்துக்குப் போய் அங்கிருந்த ஜுராசிக் பாறையைப் பச்சம், சாரி, கட்ரோல், உமியா என்று நான்காகப் பிரித்தார். அரியலூர், ஸ்பித்தி, கட்ச் என்று இந்தியாவின் மூன்று பெரிய அம்மோனைட் களங்களிலும் ஒரே மனிதரின் கைரேகை. 1874-இல் யார்க்கண்ட் தூதுக்குழுவோடு காஷ்கர் போய்த் திரும்பும் வழியில் கரகோரம் கணவாயைத் தாண்டி மூச்சுத் திணறி, ஜூன் 19-ஆம் தேதி முர்கோ என்ற இடத்தில் இறந்தார். வயது 36. லேயில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஆண்டு நியூமயர் என்ற அறிஞர் ஓர் அம்மோனைட் பேரினத்துக்கு ஸ்டோலிச்கையா என்று பெயர் வைத்தார். நம் ஊட்டத்தூர் அடுக்கிலும் அது கிடைக்கிறது. ஐரோப்பிய வரிசையில் கிரெட்டேசியஸின் ஆல்பியன் கட்டத்தின் உச்சியிலிருக்கும் மண்டலத்துக்கு அதில் ஓர் இனத்தின் பெயர்தான் நெடுங்காலம் வழங்கியது. அதாவது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் ஒரு கட்டம் முடிகிற வாசலில் அவர் பெயர்ப்பலகை தொங்குகிறது.

அந்த வாசலைப் பார்க்க வேண்டுமென்று சில ஆண்டுக்கு முன் கிளம்பினேன். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை, திருச்சி, அங்கிருந்து சென்னை சாலையில் பாடாலூர். கிழக்கே திரும்பினால் காரை. அதுவரை நெடுக வயலும் கருங்கல்லுமாக வந்த நிலம் சட்டென்று உடைந்துபோகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வெளிறிய மஞ்சளும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள். மழை கீறிக் கீறி ஆயிரம் ஓடை. புல் பூண்டு கிடையாது. தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு கொட்டிய மாதிரி மின்னுகிறது. கிட்டே போனால் கண்ணாடியல்ல, ஜிப்சம். களிமண் வெடிப்பில் நரம்பு நரம்பாக ஓடி, உடைந்து சரிந்து கிடக்கிறது. அதனிடையே பழுப்பு நிறத்தில் துப்பாக்கித் தோட்டாக்கள். எடுத்துப் பார்த்தால் கல். பெலெம்னைட், கணவாயின் இன்னொரு செத்துப்போன உறவு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "வெயில் ஏறுதுங்க, தண்ணி கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார். கொண்டுபோகவில்லை. அவர் பாட்டிலில் இருந்ததில் பாதி எனக்கு.

ஓர் ஓடையின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு கிடந்தது. சுருளில் கால்வாசி. தேய்ந்த பக்கத்தில் அந்தக் கொத்துமல்லி விளிம்பு அப்படியே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருச்சியில் நிலவியல் ஆசிரியர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் கல்லைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த அடுக்குல எடுத்தீங்க சார்?"

"ஓடையில கிடந்துச்சு."

"மேட்டுலேர்ந்து உருண்டு வந்ததா, அடியிலேயே இருந்ததா?"

விழித்தேன். அவர் சிரித்தார். "அம்மோனைட்டுக்கு இடம் தெரிஞ்சா அடுக்குக்கு வயசு கிடைக்கும். இடம் தெரியலேன்னா கல்லுக்கு மட்டும்தான் வயசு. நீங்க எடுத்துட்டு வந்தது சாட்சி சார், ஆனா கேஸ் கட்டு அங்கேயே இருக்கு." பிறகு, அங்கே இனி எதையும் பொறுக்க வேண்டாம், இருக்கிற இடத்தில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். அதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களும் காதில் போட்டுக்கொள்ளலாம். அம்மோனைட் பார்க்க ஆசையென்றால் பெரம்பலூரில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

பெரம்பலூர் என்றதும் இன்னொன்று. 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் ஏரி வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று செல்போனில் படம் ஊரெல்லாம் சுற்றியது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றி மண் கட்டியாகிப்போன உருண்டை என்றார்கள். கேட்டவர்களுக்கு ஏமாற்றம். எனக்கென்னவோ முட்டையைவிட இது பெரிய செய்தியாகப் பட்டது. டைனோசர் அந்த மண்ணுக்கு வயது சொல்லாது, இது சொல்லும்.

இப்போது வாசகர் கேட்ட தடுமாற்றத்துக்கு வரலாம். அதன் வேர் கட்ச்சில் இருக்கிறது.

ஸ்டோலிச்கா பிரித்த கட்ச் அடுக்குகளின் அம்மோனைட்டுகளை ஆராய்ந்தவர் வில்ஹெல்ம் வாகன். ஒப்பலின் மாணவர். ஓர் அம்மோனைட் மரபு அடுக்குக்கு அடுக்கு சிறிது சிறிதாக மாறுவதைக் காட்டி, அந்த மாற்றத்துக்கு 'மியூட்டேஷன்' என்று 1869-இல் பெயரிட்டவர். இன்று மரபியலில் வேறு பொருளில் ஓடுகிற சொல்லை முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு ஜுராசிக் கல். 1870-இல் இந்தியா வந்தார், உடல் ஒத்துக்கொள்ளாமல் 1875-இல் போய்விட்டார். அந்தக் குறுகிய காலத்தில் கட்ச் அம்மோனைட்டுகளை ஐரோப்பிய மண்டலங்களோடு பொருத்திக் காட்டினார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்துத் தேதியைக் கட்ச்சிலும் படிக்கலாம் என்று ஆயிற்று. 1927 முதல் 1933 வரை ஸ்பாத் என்ற அறிஞர் அதை மறுபடி அலசி இன்னும் நுணுக்கமாக்கினார்.

அங்கே தோசா ஊலைட் என்று ஓர் அடுக்கு உண்டு. நம் தோசைக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. தோசா ஒரு கிராமத்தின் பெயர். ரவை மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகள் இறுகிய, இரும்பேறிய பாறை. அதன் உச்சியில், சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் குறைவான கனத்தில், வேறு வேறு மண்டலத்து அம்மோனைட்டுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மண் படிவது கிட்டத்தட்ட நின்றுபோய், அலை பழையதைக் கிளறிக்கொண்டே இருந்திருக்கிறது. போஸ்டர் ஒட்டுகிறவன் வராத வருஷங்களில் மாடு சுவரைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போன மாதிரி. கோடு போட்டுக் காட்டக்கூடிய எல்லை அங்கே இல்லை. அம்மோனைட் மட்டும் இல்லாவிட்டால், காலம் காணாமல் போனதே தெரிந்திருக்காது. மேலும் கீழும் பாறை ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

சண்டை வந்தது அதற்கெல்லாம் மேலேயிருந்த உமியாவில். அங்கே செடிப் படிவங்கள் இருந்தன. பொஹீமியாவிலிருந்து வந்த ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் அவற்றைப் பார்த்து, இங்கிலாந்தில் யார்க்ஷயரின் நடு ஜுராசிக் செடிகளைப் போலிருக்கின்றன என்றார். ஆனால் அதே தொகுதியில், செடிகளுக்குக் கீழே கிடந்த அம்மோனைட்டுகள் ஜுராசிக்கின் கடைக்கோடியைக் காட்டின. கீழே பேரன், மேலே தாத்தா! எப்படி முடியும்? பிளான்ஃபோர்டின் அண்ணன் வில்லியம் 1884-இல் மான்ட்ரியலில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் தலைமையுரையாற்றும்போது, செடி ஒன்றும் கடலுயிர் ஒன்றுமாகச் சொல்லும் இப்படிப்பட்ட முரண்களையே எடுத்துப் பேசினார். விடை என்னவோ எளிதுதான். செடிகள் வைத்தியர் நோட்டீஸ். ஒரே முகத்தோடு கோடிக்கணக்கான ஆண்டு நின்றுவிட்டன.

இதே கதை சோழமண்டலக் கரையிலும் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆந்திரம் வரை அங்கங்கே தெரியும் செடி அடுக்குகளை ஃபைஸ்ட்மாண்டல் 1879-இல் ஜுராசிக் என்றே எழுதினார். பல பத்தாண்டு அப்படியே பாடமாக ஓடிற்று. 1933-இல் ஸ்பாத், ஓங்கோல் வட்டாரத்துப் புதவாடாவில் செடிகளோடு சேர்ந்து கிடைத்த அம்மோனைட்டுகளைப் பார்த்து, இவை கிரெட்டேசியஸின் தொடக்ககாலம் என்றார். நசுங்கிப்போன சில ஓடுகள். அவற்றால் கரை முழுவதும் ஒரு காலத்தை விட்டு அடுத்த காலத்துக்கு நகர்ந்தது.

நம் தெற்கே சிவகங்கையில்தான் அந்த உதவி கிடைக்கவில்லை. ஆறு கொண்டுவந்த மணலும் சரளையும். அம்மோனைட் வருகிற இடமல்ல. இலைகள் மட்டுமே பேசுகின்றன, இலைகளுக்குத் தேதி ஞாபகமில்லை. அதனால்தான் "மேல் ஜுராசிக் அல்லது கீழ்க் கிரெட்டேசியஸ்" என்று நடுவில் ஓர் 'அல்லது' நுழைந்தது.

அறந்தாங்கிக்கு நேர் கீழே? நாம் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த நிலம் பிய்யத் தொடங்கியபோது விழுந்த பள்ளம் அது. கிழக்கே போகப் போக வண்டல் கிலோமீட்டர் கணக்கில் கனக்கிறது. அதற்குள் எண்ணெயும் வாயுவும் தேடித் துளைபோடும்போது அம்மோனைட்டை எதிர்பார்க்க முடியாது. துரப்பணம் எதையும் பொடியாக்கித்தான் மேலே அனுப்பும். அந்தப் பொடியில் மணல்மணி அளவில் முழுசாகத் தப்பி வருகிற ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர் ஓடுகளை நுண்ணோக்கியில் வைத்து வயது சொல்கிறார்கள். காரையைப் போல வெளியில் தெரிகிற இடங்களில் இந்தப் பொடியோடுகளும் அம்மோனைட்டுகளும் ஒரே அடுக்கில் சேர்ந்து கிடக்கின்றன. பெரியவர் சொன்ன தேதியைச் சின்னவருக்குக் கற்றுக்கொடுத்தது அங்கேதான். 2017-இல் நம் வடக்கே நெடுவாசலில் ஊரே திரண்டு உட்கார்ந்தபோது பேச்செல்லாம் ஹைட்ரோகார்பனைப் பற்றியே இருந்தது. அந்தக் கிணறுகளுக்கு அடியிலிருப்பதைப் படிக்கிற அரிச்சுவடி பாடாலூருக்குக் கிழக்கே ஆடு மேய்கிற ஓடையில் கிடக்கிறது.

அந்த 'அல்லது' சிவகங்கைக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு காலம் தொடங்குகிற இடத்தைக் குறிக்கச் சர்வதேச நிலவியலாளர்கள் ஒரே ஒரு பாறைமுகத்தைத் தேர்ந்து 'தங்க ஆணி' அடிப்பார்கள். ஜுராசிக்கின் தொடக்கத்துக்கு 2010-இல் ஆஸ்திரியாவின் குயோக் என்ற மலைப்பகுதியில் அந்த ஆணி இறங்கியது. சைலோசெராஸ் என்ற அம்மோனைட்டின் ஓர் இனம் முதலில் தலைகாட்டுகிற அடுக்கு. ஆனால் ஜுராசிக் முடிந்து கிரெட்டேசியஸ் தொடங்குகிற இடத்துக்கு இதை எழுதும்போதும் ஆணி அடித்தபாடில்லை. காரணம் அம்மோனைட்டுகளேதான். அந்தச் சமயத்தில் வடகடல் அம்மோனைட் வேறு, தென்கடல் அம்மோனைட் வேறு என்று பிரிந்துவிட்டன. ஒரே நாளில் உலகமெங்கும் ரிலீஸாகிற படம் இல்லாமல் போயிற்று. வட்டாரத்துக்கு ஒரு படம். எதை வைத்து எல்லை போடுவது? நுண்படிவத்தையா, பாறையில் உறைந்த காந்தத் திசையையா என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது மாமி வீட்டுக் கல் நினைவு வந்தது. மாமி இப்போது இல்லை. மகன் திருச்சியில் இருக்கிறார். போனில் கேட்டேன். சம்புடத்தைத் திறந்து, விளக்கொளியில் படம் எடுத்து அனுப்பினார். துவாரத்துக்குள் தெளிவான விலாவரிகள். ஓர் இடத்தில் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. நிலவியல் ஆசிரியருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் கண்டகிக் கற்களில் அடிக்கடி வருகிற பிளான்ஃபோர்டிசெராஸ் மாதிரி இருக்கிறது என்றார். ஊட்டத்தூரில் பார்த்த அதே பெயர் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியே இருந்தால் டித்தோனியன், ஜுராசிக்கின் கடைசிக் கட்டம். ஆணி அடிக்கப்படாத அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கத்து உயிர்.

"ஆத்துல உருண்டு வந்தது. எந்த அடுக்குன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"கல்லுக்கு மட்டும் வயசு" என்று பதில் வந்தது.

மகனுக்குச் சொன்னபோது அவர் வயதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா எப்பவும் ரெண்டு சக்கரம்னுதான் சொல்லுவா. நீங்க பாத்ததுல எத்தனை தெரியறது?" என்றார்.

இரண்டு என்றேன்.

(தொடரும்)